அந்தப் படிவத்தில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

மதிப்பிற்குரிய பல்கலைக்கழகப் பதிவாளர் அவர்களுக்கும் வளாகப் பாதுகாப்புக் குழுவினருக்கும்,

போன வாரம் எல்லாத் துறைகளுக்கும் வந்த சுற்றறிக்கையோடு ஒரு படிவமும் வந்தது. 18 பக்க ஆங்கிலக் கையேட்டைப் படித்துப் புரிந்துகொண்டதாகவும், இனிமேல் கவனக்குறைவால் நேரும் எந்த விபத்துக்கும் தானே பொறுப்பு என்றும் ஒவ்வொரு பணியாளரும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள். கொடுக்காதவர்கள் பெயரைத் துறைத் தலைவர் அனுப்ப வேண்டுமாம். வெள்ளிக்கிழமை போய்விட்டது. என் படிவம் இன்னும் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. என் பெயர் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

23 வருடமாக வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். நீலகிரியில் பிறந்து வளர்ந்தவன். ஒரு தாளில் கையெழுத்துப் போட இவ்வளவு யோசிக்கிற ஆள் இல்லை. விடுப்பு விண்ணப்பம், உடைந்த பீக்கர் கணக்கு, ஸ்டோர் பதிவேடு என்று வாரத்துக்கு நாலு கையெழுத்தாவது போடுகிறவன்தான். இந்த ஒன்றுக்கு மட்டும் கை வரவில்லை. காரணத்தை அலுவலகத்தில் இரண்டு பேரிடம் வாயால் சொன்னேன். "எல்லாரும் போடுறாங்க, நீங்களும் போட்டுட்டுப் போங்க" என்றார்கள். அதனால் எழுதித் தருகிறேன், எல்லாரும் படிக்கும்படி.

உங்கள் சுற்றறிக்கை "சமீபத்தில் ஒரு தற்காலிகப் பணியாளரின் கவனக்குறைவால் ஏற்பட்ட சிறு விபத்தை முன்னிட்டு" என்று தொடங்குகிறது. பிப்ரவரியில் அந்தச் சிறு விபத்து நடந்தபோது நான் ஆறடி தூரத்தில் நின்றிருந்தேன்.

அவர் துப்புரவு வேலைக்கு ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர். எங்களுக்கெல்லாம் அக்கா. ஆய்வகத்தில் இரண்டு உதவியாளர் இடங்கள் காலியாகி வருடக்கணக்காகிறது. அந்த வேலையில் பாதி என் தலையில், மீதி அக்கா தலையில். பெருக்கித் துடைப்பது போக, பெரிய பாட்டிலில் வரும் அமிலத்தையும் அம்மோனியாவையும் மாணவர் மேசைக்கான சின்னப் பாட்டில்களில் ஊற்றி வைப்பதும் அவர் வேலையாகிவிட்டது. யாரும் உத்தரவு போட்டுத் தந்த வேலை இல்லை. கேட்டோம், செய்தார். கேட்டவர்களில் நானும் ஒருவன்.

அன்று செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள். முதல் நாள் மதியம் கோயம்புத்தூரிலிருந்து வந்த அம்மோனியா பாட்டில்கள் ஜன்னலோரம் நின்றிருந்தன, காலை வெயில் அவற்றின்மேல் விழுந்துகொண்டிருந்தது. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் தலையணை மாதிரி உப்பிவிடும், பார்த்திருப்பீர்கள். சமவெளியில் மூடிபோட்டு மலையேறி வரும் பாட்டிலுக்கும் அதே கதைதான். உள்ளே கீழ்நாட்டுக் காற்று அடைபட்டிருக்கும். உதகையின் உயரம் 2,240 மீட்டர், இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அம்மோனியாவோ சும்மா வைத்தாலே மூடியைத் தள்ளும் சரக்கு. நான் எப்போதும் பாட்டிலை ஒரு மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி, மூடிமேல் ஈரத்துணியைச் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவேன். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த பெரியவர் சொல்லித் தந்தது அது. நான் அக்காவுக்குச் சொல்லித் தரவில்லை. உங்கள் 18 பக்கத்திலும் அது இல்லை.

உஸ்ஸென்று ஒரு சத்தம்தான் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அக்கா இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். பாட்டில் கீழே விழவில்லை, கவனியுங்கள். ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் பாட்டிலைப் பத்திரமாக மேசையில் வைத்தார். நீங்கள் கவனக்குறைவு என்று எழுதியிருப்பது இவரைத்தான்.

கண்கழுவும் குழாய் வராந்தாக் கோடியில் இருக்கிறது. ஆய்வுக் குழு வந்த வருடம் வைத்தது. இழுத்துக்கொண்டு போனேன். கையேட்டில் 15 நிமிடம் கழுவச் சொல்லியிருக்கிறது, அது சரிதான். ஆனால் அந்தக் குழாயில் வருவது மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர், இரவெல்லாம் உறைபனியில் கிடந்த தண்ணீர். அதில் கண்ணைத் திறந்து காட்டிப் பாருங்கள் ஐயா, 15 நிமிடம் வேண்டாம், 15 எண்ணும் வரைக்கும் போதும். "ஐசு மாதிரி குத்துது தம்பி, விடு தம்பி, விடு" என்று என் கையைத் தள்ளினார். மூன்று நிமிடம் பிடித்திருப்பேன். அதற்குமேல் எனக்கும் மனசு வரவில்லை.

இப்படிப்பட்ட குழாய்களுக்கு அமெரிக்காவில் ஒரு தர விதி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் 16 முதல் 38 டிகிரி செல்சியசுக்குள், அதாவது கண் தாங்கும் வெதுவெதுப்பில் இருக்க வேண்டும் என்கிறது அது. சொகுசுக்காக எழுதிய விதி இல்லை. தண்ணீர் ஜில்லென்றிருந்தால் யாரும் 15 நிமிடம் நிற்க மாட்டார்கள் என்று தெரிந்து எழுதியது. அதிலும் கண்ணில் பட்ட அம்மோனியா ஒரு காரம், அமிலத்துக்கு எதிர்வகைச் சரக்கு. அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குப் பொல்லாதது, பட்ட இடத்தோடு நிற்காமல் உள்ளே உள்ளே இறங்கும். மூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவே விட்டுப்போன 12 நிமிடத்தின் விலை, குழாய்க்கு மேலே ஒரு சின்ன ஹீட்டர்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். வளாகத்து வண்டி விருந்தினரை அழைத்துவரப் போயிருந்தது. ஆட்டோவில் ஊர் மருத்துவமனைக்குப் போனோம், அங்கிருந்து கோவைக்கு அனுப்பினார்கள், மலைப்பாதையில் வார இறுதி நெரிசல். இப்போது அக்காவுக்கு அந்தக் கண்ணில் எல்லாமே பனிமூட்டத்துக்குள் தெரிகிற மாதிரிதான் தெரிகிறது. "கண்ணு சரியானதும் வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஒப்பந்தக்காரர் மறுநாளே வேறு ஆளை அனுப்பினார். விபத்துப் பதிவேட்டில் எழுதலாம் என்று கேட்டேன். அப்படி ஒரு பதிவேடே இல்லை என்றார்கள்.

படிவத்துக்கு வருகிறேன். 1923-இல், வெள்ளைக்காரன் காலத்தில், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று வந்தது. வேலையில் பட்ட காயத்துக்கான இழப்பீட்டை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்று அதன் 17-ஆம் பிரிவு சொன்னது. முதலாளி பொறுப்பிலிருந்து தப்பக்கூடிய விலக்குகளையும் அதே சட்டம் எண்ணி வைத்திருந்தது: குடிபோதை, பாதுகாப்பு விதியைத் தெரிந்தே மீறுவது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றிப் போடுவது. வெறும் கவனக்குறைவு அந்தப் பட்டியலில் கிடையாது. ஒப்பந்தக்காரர் வைத்த ஆளாக இருந்தாலும், தன் வேலையைச் செய்யவைத்த நிறுவனமே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றும் அதில் இருந்தது. இப்போது அந்தச் சட்டம் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போயிருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய நியாயத்தையாவது நாம் தாண்டியிருக்க வேண்டாமா?

சட்டப்படி செல்லாத தாளை எதற்கு வாங்குகிறீர்கள் என்று யோசித்தேன். "படித்துப் புரிந்துகொண்டேன்" என்ற முதல் வரிதான் இதில் சூட்சுமம் என்று எனக்குப் படுகிறது. அந்த வரியில் கையெழுத்து விழுந்துவிட்டால், நாளைக்கு நடக்கும் எந்தத் தவறையும் தெரிந்தே விதியை மீறியதாகக் காட்டிவிடலாம். அக்காவுக்குத் தமிழில் தன் பெயர் எழுதத் தெரியும். விடுதிக்குப் பின்னால் கட்டட வேலை பார்க்கும் ஜார்க்கண்ட் பையன்களுக்கு இந்தி தெரியும். யாரிடமும் ஆங்கிலக் கையேட்டைப் பத்து நிமிடம்கூட யாரும் வாசித்துக் காட்டவில்லை. படிவத்தில் மட்டும் எல்லாருக்கும் இடம் விட்டிருக்கிறது, பெருவிரல் ரேகைக்குக்கூட. உங்கள் நோக்கம் அது இல்லையென்றால் சந்தோஷம். படிவத்தைத் திரும்பப் பெறுவது சுலபமாகிவிடும்.

நான் அந்தக் கையேட்டை முழுதாகப் படித்தேன். அனேகமாக இந்த வளாகத்தில் அதைச் செய்தவன் நான் ஒருவன்தான். வெப்ப வாதம் பற்றி அரைப் பக்கம் இருக்கிறது. நண்பகல் வெயிலில் வேலை செய்பவர்களுக்கு மோர் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஏப்ரலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. குளிர், உறைபனி, மண்சரிவு, காட்டுமாடு என்று எந்தச் சொல்லும் 18 பக்கத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை. கீழே எங்கேயோ உள்ள வளாகத்தின் கையேட்டில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். தீ விபத்து நேர்ந்தால் எல்லாரும் "கூடும் இடத்தில்" கூட வேண்டுமாம். நம் கூடும் இடம் எது தெரியுமா? கீழ் மைதானம். ஆடி மாதக் காற்றுக்கு முறிந்து விழும் கற்பூர மரங்களுக்கு, அதாவது யூகலிப்டஸ் மரங்களுக்கு அடியில். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் அங்கே ஏற்கெனவே காட்டுமாடுகள் கூடியிருக்கும்.

மலையில் ஆபத்து பெரும்பாலும் மூடிய கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. குளிருக்குக் கதவை அடைப்பது எங்களுக்குப் பிறவிப் பழக்கம். கீழே ஆய்வகத்தில் ஜன்னல் தானாகவே திறந்திருக்கும். இங்கே ஜூன் முதல் பிப்ரவரி வரை ஒன்றைத் திறந்தாலும் பத்து மாணவர்கள் சேர்ந்து அடைப்பார்கள். எங்கள் ஆய்வக ஜன்னல் கண்ணாடியில் வெள்ளையாக மாவு படிந்திருப்பதைப் பார்த்தால் பனி என்று நினைப்பீர்கள். விரலால் தொட்டால் உருகாது. அம்மோனியா ஆவியும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும் காற்றில் சேர்ந்து படிந்த உப்பு அது. கண்ணாடியில் படிவது 23 வருடமாக என் நெஞ்சிலும் படிந்துகொண்டுதான் இருந்திருக்கும். ஆவியை வெளியேற்றும் கூண்டு ஒன்று இருக்கிறது. அதன் வெளிக்குழாய் வாயில் கோணிச் சாக்கைத் திணித்து வைத்திருக்கிறோம், குளிர்காற்று உள்ளே அடிக்காமல் இருக்க. யார் திணித்தது என்று கேட்டு எனக்கு மெமோ கொடுக்க வேண்டாம். காற்று திரும்பி வராத மூடி போட்டுத் தாருங்கள் என்று மூன்று முறை எழுதிக் கேட்ட பிறகு திணித்ததுதான்.

கேட் காவலர் கூண்டு ஆறுக்கு ஆறு தகரம். இந்த ஜனவரியில் ஒரு நாள் விடிகாலை நான் வந்தபோது தடுப்புக் கம்பி இறங்கியபடி இருந்தது, கூப்பிட்டும் குரல் இல்லை. எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த கணப்பில் சீகை மரக் கரி கனன்றுகொண்டிருந்தது. கதவிடுக்கில் துணியை வேறு திணித்திருந்தார். சுவரில் சாய்ந்து தூங்குகிற மாதிரிதான் இருந்தார், உலுக்கினால் தலை துவண்டு விழுந்தது. தோட்டக்காரரும் நானுமாக வெளியே இழுத்துப் போட்டோம். புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் புரண்டு வாந்தி எடுத்தார், அப்புறம்தான் எனக்கு உயிர் வந்தது. கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கிய சுற்றுலாப் பயணிகள் விடிந்து பார்த்தால் எழுந்திருக்காத செய்தி மலைக்காரர்களுக்குப் புதிதில்லை. அவருக்கு நாம் ஏற்பாடு செய்து கொடுத்த குளிர்காப்பு என்ன? ஒரு மங்கி குல்லா. காற்றோட்டமில்லாத விடுதிக் குளியலறைகளில் கேஸ் கீசர் மாட்டியிருக்கிறோமே, அதில் வருவதும் இதே விஷம்தான். அங்கே நிற்பது நம் பிள்ளைகள்.

நுண்ணுயிரியல் ஆய்வகத்து ஆட்டோகிளேவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரஷர் குக்கர் மாதிரி நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் கருவி அது. அதன் அழுத்தமானி முள் 15 பவுண்டுக்கு வந்ததும் 121 டிகிரி என்று கணக்கு வைத்து நேரம் பார்க்கச் சொல்கிறது கையேடு. அது கடற்கரைக் கணக்கு. அந்த முள் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு அழுத்தம் என்பதைத்தான். வெளிக்காற்றே இங்கே மெலிசு என்பதால், அதே 15 பவுண்டில் உள்ளே சுமார் 117 டிகிரிதான் வரும். பருப்பு வேக எத்தனை விசில் வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிகிறது, பல்கலைக்கழகத்துக்குத் தெரியவில்லை. கிருமி சாகாத குப்பையை, செத்துவிட்டது என்று நம்பி, கையுறை இல்லாமல் அள்ளுவது யார்? அக்கா மாதிரி இன்னொருவர்.

பாதரசத்தைப் பற்றி நான் மூன்று வருடமாகச் சொல்லி வருகிறேன். உடைந்த தெர்மாமீட்டர்களை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறோம். பழைய கட்டடத்து மரத்தளத்தின் இடுக்குகளில் டார்ச் அடித்தால் வெள்ளி மணி மாதிரி மின்னும். குளிர்காலத்தில் அடைத்த அறைக்குள் ஹீட்டர் போடும்போது அது ஆவியாகும், மூக்குக்குத் தெரியாது. பக்கத்து மலையில் நடந்ததை மறக்கலாமா? கொடைக்கானலுக்கு 1983-இல் அமெரிக்காவிலிருந்து பெயர்ந்து வந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. பாதரசம் தங்கள் உடம்பைக் கெடுத்ததாக முறையிட்ட 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் நிறுவனத்துக்கும் உடன்பாடு வந்தது 2016-இல். இடையில் 15 வருடம். உன் சிறுநீரகம் கெட்டதற்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எந்தத் தொழிலாளி எதைக் காட்டுவான்? பதிவேடு இல்லாத இடத்தில் உடம்பு மட்டும்தான் சாட்சி. மண்ணெண்ணெய் மாதிரி நிறமேற்றிய சாராயம் ஊற்றிய தெர்மாமீட்டர் கடையில் கிடைக்கிறது, எங்கள் பாடத்துக்கு அது போதும்.

அப்புறம், விடுதிக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவர். நீர் வடியும் துளைகள் மண் அடைத்து, சுவர் நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. அதன் காலடியில்தான் புதுக் கட்டடத்துக்கு நேர்க்குத்தாக மண்ணை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்குமேல் கொட்டியது. மழைதான் வர வேண்டும் என்றுகூட இல்லை. 2024 பிப்ரவரி 7 அன்று லவ்டேல் பக்கம் தடுப்புச் சுவர் வேலையில் மண் எடுத்துக்கொண்டிருந்தபோது மேலிருந்த கட்டடம் சரிந்து ஆறு பெண்கள் இறந்தார்கள். அது வறண்ட மாதம். அவர்கள் கூலிக்குப் போனவர்கள். அவர்களையும் யாராவது கவனக்குறைவு என்று சொல்லியிருப்பார்கள்.

என் கோரிக்கைகள் இவை. படிவத்தைத் திரும்பப் பெறுங்கள். வாங்கி வைத்திருப்பவற்றை உரியவர்களிடமே கொடுத்துவிடுங்கள். சுற்றறிக்கையில் உள்ள கவனக்குறைவு, சிறு விபத்து என்ற சொற்களை நீக்கி, என்ன நடந்தது என்பதை உள்ளபடி எழுதி மறு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

தடுப்புச் சுவர் ஜூன் மழைக்குக் காத்திருக்காது. பொறியாளர் ஒருவர் பார்த்து எழுத்தில் சொல்லும்வரை அதன் அடியில் யாரையும் இறக்காதீர்கள். துளைகளை இந்த வாரமே குத்திவிடச் சொல்லுங்கள், அதற்கு டெண்டர் தேவையில்லை, ஒரு கடப்பாரை போதும்.

மற்றவற்றுக்கு அடுத்த உறைபனிக்கு முன்னால், அதாவது நவம்பருக்குள் என்று நாள் குறியுங்கள். கண்கழுவும் குழாய்க்கு வெதுவெதுப்பான தண்ணீர், ஆவிக்கூண்டுக்கு ஒழுங்கான மூடி, காவலர் கூண்டுக்குக் காற்றுத் துளையும் மின் ஹீட்டரும், கேஸ் கீசர்களைக் குளியலறைக்கு வெளியே மாற்றுவது, பாதரசத்தை முறையாக அகற்றித் தளத்தைச் சோதிப்பது. கையேட்டை இந்த மலைக்கென்று புதிதாக, தமிழில் எழுதுங்கள், இந்தி தெரிந்தவர்களுக்கு இந்தியில். எழுதும்போது சமையல்காரர், காவலர், துப்புரவுப் பணியாளர், ஆய்வக உதவியாளர் ஆகியோரை மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரவையுங்கள். பாதுகாப்புக் குழுவில் ஒப்பந்தப் பணியாளர் இருவருக்கு இடம் கொடுங்கள். விபத்துப் பதிவேடு ஒன்று திறந்து, அதை யாரும் பார்க்கலாம், யாரும் எழுதலாம் என்று வையுங்கள். முதல் பதிவாக பிப்ரவரியில் நடந்ததை எழுதுங்கள். அம்மோனியா பாட்டிலைத் திறக்கும் முறையை நான் அவருக்குச் சொல்லித் தரவில்லை என்பதையும் அதில் சேர்த்து, என் கையெழுத்தை அங்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்காவின் மருத்துவச் செலவு, வேலைக்கு வராத நாட்களின் கூலி, கண்ணுக்கான இழப்பீடு ஆகியவற்றை ஒப்பந்தக்காரரைக் கை காட்டாமல் பல்கலைக்கழகமே கொடுத்துவிட்டு, அப்புறம் அவரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். கண்ணுக்குச் சிரமமில்லாத வேலை ஒன்றை அவருக்கு இதே வளாகத்தில் கொடுங்கள். இதை மட்டும் நவம்பர்வரை இழுக்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவர் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டியிருக்கிறது, அந்தச் சின்னப் புட்டி பத்து நாள்கூட வருவதில்லை.

இப்படிக்கு,
வேதியியல் ஆய்வக உதவியாளர் ஒருவர்,
நீலகிரி.